பந்தலில் சொன்ன நிரூபணம்

...இல்லை, நிரூபணத்தில் அந்த இடத்திலும் ஓட்டையில்லை, இரண்டு பரப்புகளும் வெட்டிக்கொண்டே ஆக வேண்டும், வேறு வழியே கிடையாது... ஹபீபுன்னிசா ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள், கீழ்பென்னாத்தூரில் ஏற்றிய வேர்க்கடலை மூட்டைகளின் மண்வாசனையோடு பஸ் திருவண்ணாமலைக்கு ஊர்ந்தது, வெயிலில் மலை நீலமாக மிதந்தது. இன்று அவள் தங்கை மகள் கல்யாணத்தில், பிரியாணி ஆறிக்கொண்டிருக்க, பந்தலில் கிடந்த பூநாரை எடுத்து முடிச்சுப் போட்டுக் காட்டிக்கொண்டே அர்ஜுனன் நிரூபணத்தைச் சொல்லி முடித்துவிட்டான், சென்னையில் அவளிடம் ஆராய்ச்சி செய்தவன், இப்போது அதே கணிதத் துறையில் அவளோடு பாடம் நடத்துகிறவன். இதோ, பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறான்.

எழுபத்தொன்றாம் வருஷம் அவளைப் பிடித்துக்கொண்ட கேள்வி, இன்று அவன் விடை சொல்லிவிட்டது. ஒரு வகை முடிச்சை எப்படி இழுத்தாலும் அவிழ்க்க முடியாது, பார்த்தாலே தெரிகிறது, ஆனால் ஏன்... அம்மா கேட்டாள், அவுக்க முடியாதுன்னுதான் தெரியுதே, அப்புறம் என்னாத்துக்குடி வருஷம் பூரா அதையே பாத்துக்கினு இருக்க? சிரித்தாள். வந்த வரன்களெல்லாம் போயின, கேள்வி போகவில்லை, கரும்பலகையைத் துடைக்கும்போது, சோறு வடிக்கும்போது, கூடவே இருந்தது. டெல்லியிலும் பம்பாயிலும் அவளுடைய மாணவர்கள் இருக்கிறார்கள், ஹபீபுன்னிசா மேடம் ஸ்டூடண்ட் என்றால் மறுபேச்சில்லாமல் வேலை தருகிறார்கள், அவளுக்கென்று என்ன இருந்தது, இந்தக் கேள்வி ஒன்றுதானே... இன்று ராத்திரி கண்ணை மூடினால் எதை நினைத்துக்கொண்டு தூங்குவது?

"மேடம்," அர்ஜுனன் குனிந்தான். "தப்பு எதுனா இருக்குதுங்களா?"

"இல்லப்பா. சரியாத்தான் இருக்கு."

"பேப்பர்ல உங்க பேரையும் சேத்துப் போட்டுடலாம்னு இருக்கேங்க."

"என் பேரு எதுக்கு? நீ போட்டது."

"இன்னொரு வாட்டி பாத்துடுங்க மேடம். நீங்க பாத்தாதான் எனக்குத் தூக்கம் வரும்."

சரி என்று மறுபடி முதல் படியிலிருந்து தொடங்கினாள், பூநார், பரப்பு, இன்னொரு பரப்பு... எத்தனை பேருடைய நிரூபணத்தில் தப்புத் தேடியிருக்கிறாள், ஊர் சிரிப்பதற்கு முன் தன் கண்ணில் படட்டும் என்று, பிள்ளைக்குத் தலையில் பேன் பார்ப்பதுபோல. இன்று தேடியதும் அப்படித்தானா, கீழ்பென்னாத்தூரிலிருந்து, அத்தனை அவசரமாக... ஒன்றும் அகப்படாதபோது ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாளே, அது சந்தோஷத்தாலா?