ராஜா என்றால்

தெருவில் அவரைப் புதிர்காரர் என்றுதான் சொல்வார்கள். வாரப் பத்திரிகை ஒன்றுக்கு இருபத்திரண்டு வருடங்களாகக் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தவர். அவர் மனைவி முன்னறையில் மிஷின் போட்டு ரவிக்கை தைப்பவள்; அவளுக்குத் தையலம்மா என்று பெயர் நிலைத்துவிட்டது. ஒருத்தர் கட்டம் போடுகிறார், ஒருத்தி கத்தரி போடுகிறாள், சண்டை போட இந்த வீட்டில் யாருக்கு நேரம் என்று வாடிக்கைக்காரிகள் கேலி செய்வார்கள்.

அவரிடம் நீளமான நோட்டு ஒன்று இருந்தது. ஒரு பொருளுக்கு எத்தனை சொற்கள் உண்டோ அத்தனையையும் கட்டக் கணக்குப்படி அதில் எழுதி வைப்பார். அரசன் என்ற பக்கம்தான் நிரம்பி வழியும். ஒரு கட்டத்துக்குக் கோ. இரண்டுக்கு இறை. மூன்றுக்குக் கோமான். நான்கு கட்டம் என்றால் மன்னன், வேந்தன், காவலன், நிருபன் என்று கூட்டமே நிற்கும். ஐந்துக்குக் கொற்றவன், புரவலன். ஆறுக்குப் பார்த்திபன். ராஜாவுக்கு மட்டும் அந்தப் பக்கத்தில் இடமில்லை.

“ஏங்க, ராஜாவும் ராஜாதானே? அவனை ஏன் விட்டுட்டீங்க?” என்று ஒருநாள் கொக்கி தைத்துக்கொண்டே கேட்டாள்.

“அதைப் போட்டா கேள்வியைப் படிக்கிறதுக்கு முன்னாடியே பதில் வந்துடும். இத்தனை வருஷத்துல ஒரு தடவை போட்டதில்ல. படிக்கிறவங்க காறித் துப்புவாங்க” என்றார்.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கட்டம் கிழித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து அளவுகோல் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப்போனவர் எழவில்லை. ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். ஆனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. பதினெட்டு நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்து உள்ளறைக் கட்டிலில் கிடத்தியபோது, அவர் வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம், அவள் தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ராஜா” என்றார்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெளியூரில் இருக்கும் மகளுக்கு உடனே போன் போட்டாள்.

“அப்பா பேசிட்டாருடீ! தெளிவா, சுத்தமாப் பேசினாரு!”

“என்னம்மா சொன்னாரு?”

“ராஜான்னாரு.”

“யாரும்மா ராஜா?”

அதுதான் தெரியவில்லை. உறவில் ராஜா கிடையாது. நண்பர்களில் கிடையாது. அடுத்த நாளும் ராஜா என்றார். மாத்திரை கொடுத்தால் ராஜா, விளக்கை அணைத்தால் ராஜா. வேறு எதுவும் வரவில்லை.

வாரம் இரண்டு தடவை பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அவள் தையலம்மாவை முன்னறைக்கு அழைத்துச் சொன்னாள்:

“சிலருக்கு இப்படி ஒரே ஒரு வார்த்தை மாட்டிக்கும்மா. உள்ள அவர் ஆயிரம் நினைப்பாரு. வெளிய வரும்போது இதுதான் வரும்.”

“இதுக்கு அர்த்தம்?”

“அர்த்தம் தேடாதீங்க. ஆறு மாசம் பார்ப்போம். அதுக்குள்ள வேற வார்த்தை வந்தாத்தான் உண்டு.”

தேடாதே என்றால் மனசு கேட்குமா? முப்பது வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவள். அவர் இருமுகிற தினுசை வைத்தே கோபமா பசியா என்று சொல்லுவாள். அன்றைக்கே நோட்டை எடுத்தாள். அரசன் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வெறுமையாக இருந்தது. அதன் தலையில் துணிக்குக் குறி போடும் பென்சிலால் ராஜா என்று எழுதி, கண்ணும் கருத்துமாகக் கேட்கத் தொடங்கினாள்.

வெடுக்கென்று சொன்னால் தண்ணீர். இழுத்துச் சொன்னால் புரட்டிப் படுக்கவை. இரண்டு தரம் அடுத்தடுத்துச் சொன்னால் ரேடியோவை நிறுத்து. முனகலாகச் சொன்னால் கால் மரத்திருக்கிறது. இரண்டு மாதத்தில் பதினொரு பொருள் சேர்ந்தன. சில சமயம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொல்வார். அதற்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரிந்தமாதிரி இருந்தது. ஆனால் எழுத வெட்கப்பட்டு விட்டுவிட்டாள்.

அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னாள். “அகராதி மாதிரி ஆயிடுச்சு எனக்கு. என்ன கேட்டாலும் புரியுது.”

ஒருநாள் மாலை பத்திரிகை ஆசிரியர் பார்க்க வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, பேச எதுவும் கிடைக்காமல், புது இதழை எடுத்து நீட்டினார்.

“சார் எழுந்து வர்ற வரைக்கும் வேற ஒருத்தங்க புதிர் போட்டுக் குடுக்கிறாங்க. தப்பா நினைச்சுக்காதீங்கம்மா.”

ஆசிரியர் போன பிறகு தையலம்மா புதிரை விரித்துப் பிடித்துக்கொண்டு முதல் கேள்வியை வாசித்தாள். “இடமிருந்து வலம், ஒண்ணு. நாடாள்பவர். ரெண்டெழுத்து.”

“ராஜா” என்றார்.

அவள் கட்டங்களை எண்ணினாள். இரண்டு. கீழிறங்கும் சொற்களோடு ஒட்டிப் பார்த்தாள். சரியாகப் பொருந்தியது.

மறுநாள் பயிற்சிப் பெண் வாசற்படி ஏறுவதற்குள் தையலம்மா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தாள். “நீயே கேளும்மா! உன் காதால கேளு!”

அந்தப் பெண் வாசித்தாள். அவர் ராஜா என்றார். தையலம்மா கைதட்டினாள்.

“அடுத்தது, சார். இரவில் ஒளி தருவது. மூணெழுத்து.”

“ராஜா.”

“கூண்டில் பேசும் பறவை. ரெண்டெழுத்து.”

“ராஜா.”

சொன்னதும் அவர் முகம் கோணியது. தப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நல்ல கையால் தன் தொடையில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டார். பயிற்சிப் பெண் இதழை மூடிவிட்டாள். தையலம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “போதும் விடுங்க, இன்னொரு நாள் பார்க்கலாம்” என்றாள்.

அதற்குப் பிறகும் அவள் நோட்டை விடவில்லை. புதிர் வேறு, வீட்டுப் பேச்சு வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஐந்தாவது மாதத்தில் ஒரு புதன்கிழமை. பள்ளிச் சீருடை முப்பது குவிந்து கிடந்தது. காலையிலிருந்தே உள்ளறையிலிருந்து வெடுக்கு வெடுக்கென்று ராஜா வந்துகொண்டிருந்தது. வெயில் கடுமை, தாகம் என்று நினைத்தாள். எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்தாள். தலையைத் திருப்பினார். வற்புறுத்திப் புகட்டினாள். மறுபடி ராஜா. மறுபடி தண்ணீர். மதியத்துக்குள் ஒரு செம்பு காலி.

“வர வர உங்களுக்குக் குழந்தைப் பிடிவாதம்! குடிக்கவும் மாட்டீங்க, கேட்கிறதையும் நிறுத்த மாட்டீங்க” என்று செல்லமாக அதட்டினாள்.

மூன்று மணிக்குப் போனபோது அவர் உடம்பு வேர்த்து, அந்த வேர்வையில் படுக்கை நனைந்திருந்தது. பற்களைக் கடித்துக்கொண்டிருந்தார். போர்வையை விலக்கினாள். அடிவயிறு பானைபோலத் திரண்டு நின்றது.

ஆஸ்பத்திரியில் குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்தார்கள். டாக்டர் நீர் நிரம்பிய பையைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

“காலையிலேர்ந்து நீர் அடைச்சிருக்கு. இப்படி வலிச்சா மனுஷன் துடிச்சுப்போயிடுவான். ஒண்ணுமே சொல்லலையா?”

“சொன்னாருங்க” என்றாள். “நாள் முழுக்க சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு. நான்தான்… நான் தண்ணி குடுத்துக்கிட்டே இருந்தேன்.”

டாக்டருக்கு விளங்கவில்லை. நர்சைக் கூப்பிட்டு வேறு வேலையைச் சொன்னார்.

நான்காம் நாள் குழாயும் பையுமாக வீட்டுக்கு வந்தார்கள். வந்ததிலிருந்து அவர் ராஜா என்பதையும் சொல்லவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். மாட்டிய வார்த்தை விலகினால் வேறு வார்த்தை வரக்கூடும் என்று பயிற்சிப் பெண் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தையலம்மா காத்திருந்தாள். ஒரு வாரம். ஒரு மாதம். எதுவும் வரவில்லை.

“என் மேல கோபமாங்க? கோபம்னா திட்டுங்க. ராஜான்னே திட்டுங்க” என்று ஒருநாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கெஞ்சினாள்.

அவர் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. உதடு லேசாகப் பிரிந்தது. பிறகு, எதற்கு என்று நினைத்தவர்போல, மூடிக்கொண்டார்.

ஆறு மாதம் முடிந்தது. பயிற்சிப் பெண் வாரம் ஒருமுறை வந்து, பிறகு மாதம் ஒருமுறை வந்து, பிறகு போனில் விசாரித்து, அதையும் விட்டாள்.

இப்போது தையலம்மா எதையும் ஊகிப்பதில்லை. மணிக்கு ஒருதரம் எழுந்துபோய் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறாள். பையைப் பார்க்கிறாள். புரட்டிப் படுக்கவைத்து முதுகைப் பார்க்கிறாள். காலை நீவிவிடுகிறாள். உதட்டில் தண்ணீரை ஒற்றி, வேண்டுமா என்று கேட்கிறாள். அளவெடுக்க நிற்பவரைப்போல அவர் எல்லாவற்றுக்கும் உடம்பைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள்.

“அப்பா ஏதாவது பேசினாராம்மா?”

“இல்லடீ.”

“அந்த ராஜாகூடவா?”

“அதுவும் இல்ல. நீ சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டு, மகள் சொன்ன பதில் காதில் விழாமல், அவள் உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.