முதுகில் வந்த பட்டியல்

லிஃப்ட் மெக்கானிக் செய்ய வேண்டிய வேலைகள் அவருடைய மனைவியின் முதுகில் எழுத்தாக வர ஆரம்பித்தது, அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினோராவது வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். நீல மையில், மெக்கானிக்கின் சொந்தக் கையெழுத்தில், கழுத்துக்குக் கீழே தொடங்கி ஒன்பது வரிகள் இருந்தன. வங்கிக்குப் பக்கத்துக் கட்டிடத்தில் லிஃப்ட் கதவு சரியாக மூடவில்லை, பார்க்க வேண்டும் என்பது கடைசி வரி. அவர் போய்ப் பார்த்தார், கதவு மூடவில்லைதான். சரிசெய்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பியபோது முதுகில் எட்டு வரிகள்தான் இருந்தன.

அதற்கு முன்னால் அவர் பார்க்காத வழியில்லை. அவர் பொறுப்பில் அறுபத்து நான்கு லிஃப்டுகள் இருந்தன, அவருடைய மறதியோ ஊரறிந்தது. வருஷா வருஷம் ஜனவரி முதல் தேதி புது டைரி வாங்குவார், பிப்ரவரி பத்துக்குள் அதை எங்கே வைத்தோம் என்று தேடுவார். கலர் கலராகச் சீட்டுகள் எழுதிச் சுவரில் ஒட்டினார், மின்விசிறி அவற்றை உதிர்த்தது, பெருக்கித் தள்ள வேண்டியதாயிற்று. போனில் மணி அடிக்கும்படி செய்தார். மணி அடித்தது, அணைத்தார், எதற்கு அடித்தது என்று அரைமணி நேரம் யோசித்தார். கைக்குட்டையில் ஆறு முடிச்சு போட்டுக்கொண்டு, எந்த முடிச்சு எதற்கு என்று குறித்து வைக்க ஒரு நோட்டு வாங்கினார். வேலைகளை ஒழுங்குபடுத்துவது எப்படி என்ற தடிமனான புத்தகத்தை வாங்கி ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்றின் லிஃப்டில் விட்டுவிட்டு வந்தார். அந்தக் குடியிருப்பில் மூன்று குடும்பங்கள் அதைப் படித்து உருப்பட்டன. பத்தாவது வருஷம் ஒரு பிரேக் கட்டையை மாற்ற மறந்தார். லிஃப்ட் இரண்டு மாடி கீழே விழுந்து ஒருவருக்குக் கால் போயிற்று. இன்னொரு தடவை இப்படி ஆனால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று மேலாளர் சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கு ராத்திரி மனைவிதான் சொன்னாள். "இனிமே எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லுங்க. நான் ஞாபகம் வெச்சுக்கிறேன்." அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். இரண்டாயிரம் மருந்துகளில் எது எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம். ஐந்து மாதம் அவர் சொல்லச் சொல்ல அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். ஆறாவது மாதம் எழுத்து வந்துவிட்டது.

அக்கம்பக்கத்தில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. சில பேருக்கு அப்படி வரும் என்றார்கள். அவளுடைய மாமியார், உபயோகமாக ஏதாவது வந்ததே, அதுவரைக்கும் சந்தோஷம் என்றார். தினமும் காலையில் அவள் தலையணையில் முகத்தைப் பதித்துக் குப்புறப் படுத்திருப்பாள், அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே படிப்பார். சோப்புக்குப் போகாத எழுத்து, வேலை முடிந்தால் தானாகப் போய்விடும். மெக்கானிக் தலை காலியாகி, இருபது வருஷத்தில் முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினார். எழுத்து விடிகாலை மூன்று மணிக்கு மேல் ஊசி குத்துகிற மாதிரி வந்ததால் அவளுக்குத்தான் தூக்கம் போயிற்று. ஒன்பது வரி இருபதாகி நாற்பதாகி இடுப்பைத் தொட்டது. லிஃப்டோடு நிற்கவில்லை. மின்கட்டணம், அவர் அம்மாவின் மாத்திரை, அவர் செருப்புக்கு அடித்தோல், அவர் சிநேகிதன் வீட்டுக் கல்யாணம் எல்லாம் அங்கேயே வந்தன. கடையில் அவளுக்கு இழுப்பறைகள் மறந்து போக ஆரம்பித்தன. முதலாளி அவளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் பை கட்டிக் கொடுக்க உட்கார வைத்தார்.

எழுத்து வர ஆரம்பித்து நான்காவது வருஷம், வலது தோள்பட்டைக்குக் கீழே, ஒரு வரியின் முடிவில் கறுப்பாக ஒரு புள்ளி இருப்பதை மெக்கானிக் பார்த்தார். முக்கியமான வேலைக்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டார். முறை தன்னைத்தானே மெருகேற்றிக்கொள்கிறது என்று அவருக்கு ஒரே பெருமை. அந்த வேலையை முதலில் முடித்தார். வரி போயிற்று, புள்ளி போகவில்லை. அந்த இடத்தில் அடுத்து வந்த வரியையும் முதலில் முடித்தார், அதற்கடுத்ததையும் அப்படியே. புள்ளி கடுகளவிலிருந்து மிளகளவானபோது அவசரம் கூடியிருக்கிறது என்று இன்னும் சீக்கிரமாகக் கிளம்பினார். தொடர்ந்து இரண்டு வருஷம் கம்பெனியின் சிறந்த ஊழியர் அவர்தான். வரவேற்பறைச் சுவரில் அவர் படம் மாட்டினார்கள்.

"என்னங்க, வலது பக்கம் அரிச்சுக்கிட்டே இருக்கு. என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றாள் ஒருநாள்.

அவர் குனிந்து பார்த்தார். "ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு எண்ணெய் மாத்தணும்."

"அது இல்லீங்க. அரிக்குதுன்னு சொன்னேன்."

"அவசர வேலைம்மா, அதான் அரிக்குது. இன்னைக்கே முடிச்சிடறேன்." சொன்னபடி முடித்தார். இன்னும் இரண்டு தடவை அவள் கேட்டாள், இன்னும் இரண்டு வேலைகள் அன்றன்றைக்கே முடிந்தன. பிறகு அவள் கேட்கவில்லை.

அவளுடைய ரவிக்கையில் ரத்தக்கறையைப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனது மருந்துக்கடைக்காரர் மனைவி. மெக்கானிக் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தார். டாக்டர் முப்பத்தெட்டு வரிகளையும் தாண்டிப் புள்ளியில் விரலை வைத்தார். "இது எத்தனை நாளா இருக்கு?"

"ரெண்டு வருஷமா இருக்கு சார். முக்கியமான வேலைக்கு அடையாளம் அது" என்றார் மெக்கானிக்.

டாக்டர் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். மெக்கானிக்கைத் திட்டத் தோன்றுகிறது. தாராளமாகத் திட்டலாம். தினம் ஒரு தடவை, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு சாண் தூரத்திலிருந்து அந்த முதுகைப் பார்த்த மனிதர் அவர்.

அதற்குப் பிறகு அவள் ஏழு மாதம் இருந்தாள். அறுத்துத் தைத்த இடத்தைச் சுற்றி வரிகள் வளைந்து வளைந்து வந்தன. ஆஸ்பத்திரி நர்ஸுகள் அவற்றைப் போனில் அவருக்குப் படித்துச் சொன்னார்கள். ஒருநாள் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இனிமேல் ஒரு வேலையையும் நினைக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்தார். மறுநாள் காலை அவள் முதுகின் நடுவில் புதிதாக ஒரு வரி இருந்தது, "எதையும் நினைக்கக் கூடாது" என்று. நர்ஸ் படித்துச் சொன்னதும் அவள் சிரித்தாள், சிரித்தால் வலித்தது. "இதையும் எங்கிட்டயே குடுத்துட்டீங்களா?" என்று அவரைப் பார்த்துக் கேட்டாள். அவர் வெளியே போய் லிஃப்ட் வாசலில் நின்று அழுதார். அந்த வியாழக்கிழமை அவள் போய்ச் சேர்ந்தாள். குளிப்பாட்டியவர்கள் முதுகு சுத்தமாக இருந்தது என்று சொன்னார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு மெஷின் ரூமில் மெக்கானிக் எண்ணெய் பட்ட சட்டையைக் கழற்றியபோது, கூட வேலை பார்க்கும், கிரீஸ் என்று எல்லோரும் கூப்பிடுகிறவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அண்ணே, உங்க முதுகுல என்னமோ எழுதியிருக்கு."

"என் கையெழுத்தா?"

"இல்லண்ணே. மருந்து அட்டையில எழுதற மாதிரி, குட்டி குட்டியா, உருண்டையா."

"படி."

கிரீஸ் படித்தார். கண் பரிசோதனை. அக்காவைப் பார்த்துவிட்டு வர வேண்டும். கடைவாய்ப் பல். நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும். மொத்தம் பதினொரு வரிகள், ஒன்றிலும் மெக்கானிக் இல்லை. அவள் தள்ளித் தள்ளிப் போட்ட வேலைகள் அவை. அவர் ஒவ்வொன்றாகச் செய்தார். கண்ணைக் காட்டிப் புதுக் கண்ணாடி வாங்கினார். மனைவியின் அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார், இருவருக்கும் பேச ஒன்றுமில்லை, ஆனாலும் அந்த வரி போயிற்று. அவருடைய கடைவாய்ப் பல் நன்றாகத்தான் இருந்தது, பிடுங்கிய பிறகுதான் வரி மறைந்தது. ஐம்பது வயதில் குழந்தைகளோடு குழந்தையாகத் தண்ணீரில் இறங்கி, ஐந்து மாதம் மூக்கில் தண்ணீர் ஏறி, நீச்சலும் கற்றுக்கொண்டார்.

ஒரு வரி மட்டும் போகவில்லை. "ஒரு நாள் முழுக்கத் தூங்க வேண்டும்." ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் ஜன்னலைச் சாத்தி, போனை அணைத்து, கட்டிலில் அவள் படுத்திருந்த பக்கத்தில் படுத்துப் பார்க்கிறார். மாத்திரை போட்டும் பார்த்தாகிவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கண் மூடுவதில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் சட்டையைத் தூக்கிக் காட்டுகிறார். இருக்குண்ணே என்கிறார் கிரீஸ். அவர் சட்டையை இறக்கிவிட்டுக்கொள்கிறார், இருவரும் அன்றைய முதல் லிஃப்டுக்குப் போகிறார்கள்.