மூன்றாவது நாற்காலி

மனநல ஆலோசகர் மேற்படிப்பில் சேர அந்த நர்ஸுக்கு இரண்டு இடத்தில் அனுமதி கிடைத்தது. ஒன்று ஊருக்குள்ளேயே இருந்த கல்லூரி. இரண்டாம் வருடம் முழுக்க நோயாளிகளோடு உட்கார்ந்து பயிற்சி, முடித்தால் உரிமம். மற்றது தபால் வழிப் படிப்பு. அதில் பயிற்சி கிடையாது, ஆகவே உரிமமும் கிடையாது. கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள ஒரு காகிதம் வரும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அவளுடைய அப்பாவும் அதைத்தான் கேட்டார், ஒரு வாரமாக, வேளைக்கு ஒரு தரம்.

அப்பா ஓய்வு பெற்ற குமாஸ்தா. அவர் நிரப்பினால்தான் அது படிவம். பதினெட்டு வயதில் அவளை நர்ஸிங்கில் சேர்த்த படிவமும் அவர் நிரப்பியதுதான். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிற்பாடு அவளைப் பெண் கேட்டு வந்த லேப் டெக்னீஷியனை வாசலோடு திருப்பி அனுப்பியபோதும் கேட்கவில்லை.

சிக்கல் நேர்காணலில் வந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று நாற்காலிகள். மூன்றாவதில் இருந்த அம்மாளிடம்தான் போன வருடம் பதினோரு மாதம், வியாழக்கிழமை தோறும், வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் போய் அழுதுவிட்டு வந்திருந்தாள். அவர் அந்தக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தது இவளுக்கு எப்படித் தெரியும்? அந்த அம்மாள் முகத்தில் சலனமே இல்லை. ஒரு கேள்வியும் கேட்காமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் போன் செய்தார். தன்னிடம் சிகிச்சைக்கு வந்தவருக்குத் தானே ஆசிரியராக இருக்கக் கூடாது, தொழில் விதி என்றார். மற்ற இருவர் போட்ட மதிப்பெண்ணிலேயே இடம் கிடைத்துவிடுமாம். ஆனால் பயிற்சி கொடுக்க அங்கே அவர் ஒருவர்தான். வேறு கல்லூரி பாருங்கள் என்று மிகவும் அன்பாகச் சொன்னார். வேறு கல்லூரி என்றால் ஒரு நாள் பயணம், வேலையை விட வேண்டும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. உடைத்தவர் மேல் கோபப்படவும் வழியில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

கடைசித் தேதிக்கு முதல் நாள் அப்பா கல்லூரிப் படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்து முன்னால் வைத்தார். மென்று விழுங்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"அங்க ஒரு மேடத்தை எனக்குத் தெரியும்ப்பா."

"பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி. தெரிஞ்சவங்க இருந்தா பாதி வேலை முடிஞ்சுது."

"அவங்ககிட்ட நான் வைத்தியத்துக்குப் போனேன். மனசுக்கு."

அப்பா எழுந்து போய்த் தெருப்பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். யார் யாருக்குத் தெரியும் என்று விசாரித்தார். யாருக்கும் தெரியாது என்றாள். விதியை விளக்கினாள், காதில் ஏறியதாகத் தெரியவில்லை. தூங்கினாயா, சாப்பிட்டாயா, அத்தனை நாள் எப்படித் தாங்கினாய் என்று ஒரு தகப்பன் கேட்க எவ்வளவோ இருக்கிறது. அவர் ஒன்றுதான் கேட்டார்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னியா?"

பதினோரு மாதமும் அவரைப் பற்றி மட்டுமே பேசியிருந்தாள்.

"இல்லப்பா."

அவர் முகம் தெளிந்தது. "அப்ப தபால்லயே படிச்சுக்கோ" என்று அந்தப் படிவத்தைத் தேடி எடுத்து நிரப்ப உட்கார்ந்தார். அவரை அவ்வளவு நிம்மதியாகப் பார்த்து அவளுக்கு வருஷக்கணக்காகியிருந்தது.