பசை தடவாத மூட்டு

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முதல் வாய் சோற்றை வைத்தபோதுதான் அவளுக்கு அந்தச் சந்தேகம் தட்டியது. மாடிக் குளியலறையில், ஜன்னலுக்குக் கீழே, மூலையில் குழாய் வளையும் எல்போ மூட்டுக்குப் பசை தடவினோமா?

கையை ஒரு தடவை பார்த்தாள். அந்தக் கை காலையில் என்னென்ன செய்தது என்று நினைத்துப் பார்த்தாள். குழாயைச் செருகியது. அரைத் திருப்பு திருப்பியது. துணியில் துடைத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் கொத்தனார் ஏணியை நகர்த்தச் சொன்னார், எழுந்து போனாள். திரும்பி வந்து அடுத்த மூட்டில் ஆரம்பித்தாள். நடுவில் பசை டப்பாவைத் தொட்ட ஞாபகமே இல்லை.

அவளைக் குறை சொல்வதற்கில்லை. பெண்களுக்குக் குழாய் வேலை சொல்லித்தரும் அந்தப் பயிற்சி மையத்தில் குழாய்க்குத்தான் பஞ்சம். ஒரு கூட்டம் மாட்டிப் பழகியதைக் கழற்றி அடுத்த கூட்டத்துக்குக் கொடுக்க வேண்டும். ஒட்டிவிட்டால் கழற்ற முடியாதே! அதனால் பசை தடவுவதை டீச்சரம்மா ஒரு தடவை செய்து காட்டியதோடு சரி. மற்ற நாளெல்லாம் செருகு, திருப்பு, துடை, கழற்று. மாதக்கணக்கில் கை அதிலேயே ஊறிப்போயிருந்தது.

இந்த வீடுதான் வெள்ளோட்டம். "ஒரு வீடு முடிக்கட்டும், பாக்கலாம். நல்லா வந்தா உங்க ஆளுங்க இன்னும் ரெண்டு பேரை எடுத்துக்கறேன்" என்று காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். அந்த இரண்டு பேரில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி. இன்னொருத்தியை மையத்தில் எல்லோரும் 'லொடலொடா' என்றுதான் கூப்பிடுவார்கள். தூக்கத்தில்கூட வாய் மூடாதவள்.

சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு மாடிக்கு ஏறினாள். மூலை வழவழவென்று பூசப்பட்டிருந்தது. சிமெண்ட் இன்னும் ஈரம்.

"அண்ணே, இதைப் பூசிட்டீங்களா?"

"பூசாம? நீ வந்து நல்ல நேரம் பாத்துச் சொல்வேன்னு காத்திருக்கணுமா?" என்றார் கொத்தனார், சுவரில் சாய்ந்து சாப்பிட்டபடி.

படிக்கட்டில் உட்கார்ந்து லொடலொடாவுக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். லொடலொடாவின் குரல் தணிந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"இறுக்கமாத்தானேக்கா சொருகியிருப்ப? நிக்கும்."

"நிக்கும்டி. எத்தனை நாளைக்கு?"

"கொஞ்ச நாள் நின்னாலே நாங்க ரெண்டு பேரும் வேலைக்குச் சேந்துருவோமே."

"அப்புறம் சுவர் ஊறும். யார் மாட்டுனதுன்னு கேப்பாங்க. என் பேரா சொல்வாங்க? பொம்பளைங்க மாட்டுனதுன்னுதான் சொல்வாங்க. உன்னையும் சேத்துத்தான்."

லொடலொடா பெருமூச்சு விட்டாள். "சரி, போய்ச் சொல்லித் தொலை. என் வாயைத்தான் நீ அடக்கணும், நான் உன் வாயை அடைக்கக் கூடாது."

கீழே சிமெண்ட் மூட்டைகள்மேல், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு மேஸ்திரி படுத்திருந்தார். குழாய் வேலை முழுக்க அவர் பொறுப்பு. அவள் சொல்லி முடிக்கும்வரை துண்டை எடுக்கவில்லை.

"தடவுனது ஞாபகம் இல்லையா, இல்ல தடவவே இல்லையா?"

"தடவலைன்னுதான் தோணுது மேஸ்திரி."

"சாயங்காலம் காண்ட்ராக்டர் வர்றாரு. தெரியும்ல?"

"தெரியும்."

துண்டை உதறித் தோளில் போட்டார். திட்டு விழும் என்று நின்றாள். "கசிவு பாக்குற டெஸ்ட் பம்ப் வர்றதுக்குள்ள பூசச் சொன்னது என் அவசரம்" என்று வேறெங்கோ பார்த்துச் சொன்னார். "வா, பிரிப்போம்."

"என் பூச்சு அழகா இருக்குன்னு பொறாமை. வேற ஒண்ணுமில்ல" என்று புலம்பிக்கொண்டே கொத்தனார் கரண்டியால் சுரண்டினார். குழாய் வெளியே தெரிந்ததும் அவள் எல்போவைப் பிடித்து இழுத்தாள். பெரிதாக இழுக்கக்கூட இல்லை, கையோடு வந்துவிட்டது.

"பால் பல்லு மாதிரில்ல வருது!" என்றார் கொத்தனார். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் அவள்தான் முதலில் சிரித்தாள்; கண்ணில் தண்ணீரும் வந்தது.

துடைத்து, பசை தடவி, செருகி, மூட்டு பிடிக்கும்வரை விடாமல் அழுத்திப் பிடித்திருந்தாள். பசை காய்வதற்குள் பக்கத்து வேலையிடத்திலிருந்து பம்ப்பை வரவழைத்தார் மேஸ்திரி. காய்ந்ததும் தண்ணீர் ஏற்றி அழுத்தம் கொடுத்துவிட்டு மூன்று பேரும் பம்ப் மீட்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முள் அசையவில்லை.

காண்ட்ராக்டர் வந்ததும் அவர் கண் நேராக அந்த மூலைக்குத்தான் போனது. "இது என்ன?"

அவளே முன்னால் வந்து சொன்னாள். "ஒரு மூட்டுல பசை விட்டுட்டேன் சார். பிரிச்சு ஒட்டிட்டேன்."

அவர் மேஸ்திரியைப் பார்த்தார்.

"பம்ப் வராம பூசச் சொன்னது நான்" என்றார் மேஸ்திரி. "மத்தபடி இந்தப் பொண்ணு கை நல்ல கை. இருக்கட்டும்."

"அந்த ரெண்டு பேரு?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "இப்ப வேணாம். சும்மா சொருகிப் பழகுன கை ஒண்ணு போதும். ஒட்டிப் பழகிட்டு அடுத்த மாசம் வரட்டும்."

அடுத்த மாதம் என்றால் கைக்குழந்தைக்காரிக்கு எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கதவு சாத்தப்படவில்லை. காண்ட்ராக்டர் போனதும் தரையில் கிடந்த குழாய்த் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"இதெல்லாம் குப்பைக்குத்தானே மேஸ்திரி? எங்க மையத்துக்கு எடுத்துக்கவா? ஒட்டி ஒட்டி வீணாக்கணும்."

அவர் அரை டப்பா பசையைக் காலால் அவள் பக்கம் நகர்த்திவிட்டுப் போனார்.

துண்டுகளைப் போட்ட சாக்கின் வாயைக் கட்டும்போது போன் அடித்தது. "அக்கா, வேலை இருக்கா, போச்சா?" என்றாள் லொடலொடா.

"எனக்கு இருக்கு. உங்களுக்கு அடுத்த மாசமாம். நாளைக்கே ரெண்டு பேரும் மையத்துக்கு வாங்க. பழைய புடவை கட்டிக்கிட்டு வாங்க, இந்தப் பசை பட்டா லேசுல போகாது."