பிளேன் போன பிறகு

"அக்கா, நித்திரையா?"

"ஓம், நித்திரை. செத்துட்டன் எண்டு நினைச்சுக்கொள்."

தங்கை மேர்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று இரவாகக் கண்மூடாமல் கிடப்பவளிடம் பகிடி வேறு!

மூன்று நாளுக்கு முன், பின்னேரம், கொழும்பிலிருந்து வந்த சின்ன விமானம் தரையிறங்கப் பதிந்து வரும்போது பருந்துக் கூட்டத்துக்குள் புகுந்து மட்டக்களப்பு வாவியில் விழுந்தது. தோணிக்காரர் பாய்ந்துபோய் எல்லாரையும் தூக்கிவிட்டார்கள். விமானிக்கு மட்டும் இரண்டு காலும் முறிந்துபோனது. அந்த மனிசன் ஆசுப்பத்திரியில் கிடக்க, ஊர் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டது. 'நித்திரையாயிட்டான்' என்கிறார் கடைக்கார அழகரத்தினம். 'குடிச்சிருப்பான்' என்கிறது சந்தி. பருந்து ஏன் வந்தது என்று கேட்க ஒரு நாதியில்லை.

பருந்து மொய்க்காமல் இறால் தலைகளைக் கிடங்கு வெட்டிப் புதைக்க வேண்டும் என்று வாடிப் பலகையில் எழுதியிருக்கிறது. இறால் உரிக்கும் கொட்டிலான அந்த வாடியில் வேலை செய்கிறவர்களுக்கோ வேறு சட்டம்: நாலேகால் பிளேன் இறங்கட்டும், பிறகு வாவிக்கரையில் கொட்டு. பத்து வருசமாக அப்படித்தான்.

"நான்தான் கொட்டின, அக்கா. டியூசனுக்கு நேரம் போயிட்டு. பிளேன் அண்டைக்குப் பிந்தி வந்தது எனக்கென்ன தெரியும்? கூடையக் கவிழ்த்துப் பத்து நிமிசம் இல்ல, சத்தம் கேட்டிச்சு. பருந்தெல்லாம் ஒரேயடியா எழும்பிட்டு. நாளைக்கு விசாரணைக்காரர் வாறாங்களாம். சொல்லப்போறன்."

அக்கா சர்மிளா துள்ளி எழுந்தாள். "விசரா உனக்கு? வாடிய இழுத்து மூடுவானுகள். அம்மாவும் நானும் எங்க வேலைக்குப் போற? நீ மறியலுக்குள்ள இருந்து ஓ எல் சோதனை எழுது, கெட்டிக்காரி!"

"அப்ப அந்த மனிசன்? காலும் போய், பேரும் போகணுமா?"

"கத்தாத. அம்மா எழும்பிருவா."

"நான் உங்களிட்டக் கேட்டுட்டுத்தானே போன? 'பிளேன் போயிட்டா அக்கா' எண்டன். நீங்க இறால் உரிச்சபடி தலை நிமிராம 'ஓம், போயிட்டு' எண்டீங்க."

சர்மிளா இறால் முள்ளுக் குத்திய விரலை வாயில் வைத்துச் சூப்பினாள்.

"என்னமோ இரைஞ்சு கேட்டிச்சு," என்றாள் கடைசியில். "பிளேனெண்டு நினைச்சிட்டன். மண் லொறியா இருந்திருக்கும்."

"இத வச்சிக்கொண்டா மூணு நாளா நித்திரை கொண்டீங்க?"

"ஆரடி நித்திரை கொண்ட?" சர்மிளா எரிந்து விழுந்தாள். "நீ கூப்பிடக் கூப்பிடக் கண்ண மூடிக்கொண்டு கிடந்த நான்." தலையணையைக் குத்திப் போட்டாள். "நாளைக்கு நானும் வாறன். நான்தான் முதல்ல கதைப்பன். நீ தொடங்கினா டியூசன் கதையே பொழுதுபடும் வரைக்கும் போகும்."

"கொட்டினது நீங்க எண்டு சொல்லப்படா."

"சொல்லமாட்டன். 'பிளேன் போயிட்டு' எண்டது நான். அதத்தான் சொல்லுவன். படு இப்ப."

மேர்லின் படுத்தாள். புரண்டாள்.

"அக்கா, நித்திரையா?"

"இல்லடி, சனியனே."