முடிஞ்சா முந்து

2024ஆம் ஆண்டு சனவரித் திங்கள் இருபத்தெட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வானம் தெளிந்திருந்தது. வாடைக்காற்று மிதமாக வீசியது. மழைக்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை. ஒரு நிக்காஹ் நடக்குமா, நடவாதா என்பது அன்று மாலைக்குள் தெரிந்துவிட வேண்டும். இயற்கை அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

மணமகன் பர்வேஸ். அகவை இருபத்தொன்பது. இராமநாதபுரத்தில் என் டயர்க் கடைக்கு எதிர்வீட்டுப் பிள்ளை. தொழிலால் டூரிங் கார் பந்தய ஓட்டுநர். மணமகள் அஸ்பியா. பனைக்குளம் ஹாஜா முகைதீனின் ஒரே மகள்; பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. இருவரும் ஒருவரையொருவர் கண்டு, பேசி, மனம் ஒத்துவிட்டனர். எஞ்சியது ஹாஜா பாயின் தலையசைப்பு ஒன்றே. அந்தத் தலை எளிதில் அசையும் தன்மையது அன்று.

ஹாஜா பாயும் நானும் வளைகுடா நாட்டுத் தம்மாமில் ஒரே அறையில் தங்கியவர்கள். அவர் டிரெய்லர் ஓட்டினார். நான் அதற்குச் சக்கரம் மாற்றினேன். அன்று முதல் அவர் என்னை 'மாப்ளே' என்றும், நான் அவரை 'பாய்' என்றும் விளித்து வருகிறோம். ஒரு கீறலும் இன்றி வண்டியைத் திருப்பி ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பிய பெருமை அவருக்கு உண்டு. வேகம் என்றால் அவருக்கு ஆகாது. பைக்கை ஒற்றைக் கையால் ஓட்டிவந்து இறங்கிய ஒரு மாப்பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி, "ஸ்பீடு பார்ட்டிக்கு எம் புள்ள கெடையாது, திரும்பிப் போகும்போதாவது ரெண்டு கையாலயும் புடிச்சிட்டுப் போ" என்று அனுப்பியவர் அவர்.

இத்தகையவரிடம் பர்வேஸின் தொழிலை எடுத்துரைக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. நாற்பத்தொன்பதாம் அகவையில் தனித்தேர்வராக அமர்ந்து பத்தாம் வகுப்புத் தேறியவன் நான். ஒரு தொடர் இரு பொருள்பட நிற்பது இரட்டுறமொழிதல் எனப்படும் என்பதை நூலில் படித்ததோடு விட்டுவிடாமல், வாழ்க்கையில் பயன்படுத்தவும் ஒரு வாய்ப்பை எதிர்நோக்கியிருந்தேன்.

"பையன் என்ன பண்றாரு மாப்ளே?" என்று வினவினார் பாய்.

"டூரிங் கார் ஓட்டுறாரு பாய்."

"டூர் காரா? நல்ல தொழில். ராமேஸ்வரம் வர்ற கூட்டத்துக்கு வருசம் பூரா சவாரிதான். எதுவரைக்கும் ஓட்டுவாரு?"

"எம்புட்டுத் தூரம் ஓட்டுனாலும் கெளம்புன எடத்துக்கே வந்துருவாரு."

"அப்ப ரிட்டன் காலியா வர்ற தொல்லை இல்ல. வண்டி சொந்தமா?"

"கம்பெனி வண்டி. டயர், பெட்ரோல் எல்லாம் அவங்க பொறுப்பு. வண்டி வந்து நின்னாப் போதும், நாலாபக்கமும் ஆளுக ஓடியாந்து வேலை பார்ப்பாங்க."

"மாஷா அல்லாஹ்! பாசஞ்சர் கூட தகராறு, கிகராறு?"

"இன்னைக்கு வரைக்கும் ஒரு பாசஞ்சர் கொறை சொன்னதில்ல பாய்."

இவற்றுள் ஒரு சொல்லேனும் பொய்யன்று என்பதைப் படிப்போர் கருத்திற்கொள்ள வேண்டும்.

டூரிங் கார் எனப்படுவது யாதெனில், நாம் சாலையில் காணும் அதே கார். நான்கு கதவுகள் இருக்கும். தோற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சந்தைக்குப் போகும் வண்டி போலவே இருக்கும். உள்ளே ஓட்டுநரின் இருக்கை தவிர மற்ற அனைத்தையும் பிடுங்கி எறிந்துவிட்டு, இரும்புக் குழாய்களால் கூண்டு கட்டியிருப்பர். ஆகையால் குறைசொல்லப் பயணி எவரும் இருக்க இயலாது. பர்வேஸ் கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கச் சென்ற காலத்தில் சிறுவண்டிப் பந்தயத்தில் தொடங்கி, பிறர் வண்டிகளுக்குச் சோதனை ஓட்டம் ஓட்டி, புதியவர்களுக்குப் பயிற்சி அளித்து, முடிவில் சம்பளம் கொடுத்து அமர்த்தும் அணி ஒன்றில் இடம்பெற்றவர். சென்ற பருவத்தில் ஒட்டுமொத்தமாக இரண்டாமிடம். முதலிடத்தை இழந்தது கடைசிப் பந்தயத்தில், டயர் தேய்ந்த காரணத்தால். டயர் தேய்வதைப் பற்றி நானும் அவரும் பல மாலைகள் உரையாடியதுண்டு.

அஸ்பியா என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்: "நாகு மாமா, டூரிங் கார்னா டாக்ஸி ஸ்டாண்டா, ரேஸ் ட்ராக்கா?"

"இரண்டாவது."

"எனக்குத் தெரியும். வாப்பாவுக்கு?"

"முதலாவது."

அவர் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பை அடக்குவதற்காகவா, இரகசியத்தைக் காப்பதற்காகவா என்பதை நான் ஆராயவில்லை.

அந்த ஞாயிறன்று அக்காள்மடத்தில், ஹாஜா பாயின் தங்கை உம்மு ஹபீபா வீட்டில், பேத்திக்குப் பெயர் சூட்டும் விருந்து. பாய் ஒரு யோசனை சொன்னார். "அந்தத் தம்பியவே வண்டியோட வரச்சொல்லு மாப்ளே. ஓட்டுற லெச்சணத்தப் பார்த்துட்டு இன்னைக்கே ஒரு முடிவு சொல்லிர்றேன்."

அவ்வாறே பர்வேஸ் தம் தந்தையின் ஏழு இருக்கை வண்டியுடன் வந்து சேர்ந்தார். முன்னிருக்கையில் பாய். நடுவில் நான். பின்னிருக்கையில் பாயின் மனைவி ரம்ஜான் பீவியும் அஸ்பியாவும்.

வண்டி நகர்ந்தது. வேகமுள் நாற்பதில் ஏறி, அங்கேயே குடியிருந்தது.

உச்சிப்புளி வரையில் பாயின் முகத்தில் மனநிறைவு நிலவியது. "இதுதாண்டா ஓட்டு" என்று கண்ணாடி வழியே எனக்குத் தலையசைத்தார். அடுத்து ஒரு நகரப் பேருந்து எங்களை முந்தியது. ஒரு ஷேர் ஆட்டோ முந்தியது. பாய் இருக்கையில் சற்று நிமிர்ந்தார். தேங்காய் மூட்டையும் மனைவியையும் ஏற்றிய ஒரு பெரியவரின் டிவிஎஸ் முந்தியபோது, பாயின் வலக்கால் தரையை அழுத்தியதை நான் கண்ணுற்றேன். அங்கே மிதி எதுவும் இல்லை.

"தம்பி, ரோடு காலியாத்தான கெடக்கு?"

"ஆமா மாமா."

"இல்ல, சும்மா கேட்டேன்."

மண்டபத்தை அணுகும்போது மஞ்சள் நிற மீன் வண்டி ஒன்று நீண்ட ஒலி எழுப்பியபடி எங்களைக் கடந்தது. ஐஸ் தண்ணீர் எங்கள் முகப்புக் கண்ணாடியில் தெளித்தது. அதன் பின்புறத்தில் சிவப்பு எழுத்தில் 'முடிஞ்சா முந்து' என்று எழுதியிருந்தது. அதில் உதவியாளராக இருந்தவர் கையை வெளியே நீட்டி எங்களுக்கு விடைகொடுத்தார்.

"நம்மளப் பார்த்துத்தான் கையக் காட்டுறான்," என்றார் பாய்.

"தெரிஞ்சவரா மாமா?" என்றார் பர்வேஸ், கண்ணாடியைத் துடைக்கும் பொத்தானை அழுத்தியவாறு.

பாம்பன் பாலத்தின் மேல் கடலையும் புதிய இரயில் பாலத்தையும் படம்பிடிக்க நின்றிருந்தோர் பலர். பர்வேஸ் ஒவ்வொருவரும் ஒதுங்கும்வரை பொறுமையோடு காத்திருந்தார். ஒருவர் எங்கள் வண்டியில் சாய்ந்துகொண்டு தம் குடும்பத்தைப் படமெடுத்தார். பாய் எதையோ முணுமுணுத்தார். அது இறைவனைத் துதிக்கும் திக்ரு அன்று என்பது மட்டும் எனக்கு விளங்கியது.

விருந்து வீட்டில்தான் விபரீதம் விளைந்தது.

உம்மு ஹபீபாவின் மகன் அசாருதீன் தங்கச்சிமடத்தில் செல்பேசிக் கடை நடத்துபவர். பிரியாணிச் சட்டியுடன் பந்திக்கு வந்தவர் பர்வேஸைப் பார்த்தார். சட்டி அப்படியே நின்றது.

"மாமா! யாரக் கூட்டியாந்திருக்கீங்கன்னு தெரியுமா? முப்பத்தேழாம் நம்பர் பர்வேஸ்! எத்தன ரேஸ் பார்த்திருக்கேன்!"

"ரேஸா?" என்றார் பாய்.

"ஆமா மாமா! நம்மூர்க்காரர்னு கமெண்ட்ல சண்ட போட்டிருக்கேன்!" அசாருதீன் சட்டியை என் மடியருகே வைத்துவிட்டுச் செல்பேசியை நீட்டினார்.

திரையில் நீல நிறக் கார் ஒன்று வளைவில் இரு சக்கரங்களை ஓரத்தில் ஏற்றி, பக்கத்துக் காரின் கதவை உரசி, ஒரே மூச்சில் மூன்று கார்களை முந்திச் சென்றது. பந்தி முழுவதும் மென்று கொண்டிருந்ததை நிறுத்தியது.

"ஹெல்மெட் மாட்டியிருக்காரு, மூஞ்சியே தெரியல. இவருதான்னு எப்புடிச் சொல்ற?" என்று வாதிட்டார் ரம்ஜான் பீவி. அந்த அம்மையார் எக்காலத்தும் என் மதிப்புக்குரியவர்.

"கதவுல பேரு எழுதியிருக்கு மாமி!"

பாய் பர்வேஸை நோக்கினார். "ஏலே, இடிச்சது நீயா?"

"ஒரசுனேன் மாமா. எடம் இருந்துச்சு."

"எடமா? அதுல ஒரு கோழி நொழையாது!" அடுத்து என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, டூர் காருன்னு சொன்ன?"

"டூரிங் கார்னு சொன்னேன் பாய். 'ரிங்'கை நீங்கதான் விட்டுட்டீங்க."

பாய் எழுந்து கை கழுவினார். திரும்பி வந்து பர்வேஸின் முன் நின்றார். "இம்புட்டு ஓட்டத் தெரிஞ்சவன், மீன் வண்டிக்காரனுக்கு வழி விட்டுட்டு நாற்பதுல உருட்டிட்டு வந்தியே, எங்கிட்ட நடிச்சியா?"

"நடிக்கல மாமா. நான் எப்பவும் இப்புடித்தான். அங்கன எல்லாரும் ஒரே தெசையில போவாங்க. எதிர்க்க பஸ் வராது, ஆடு வராது. போட்டோ புடிக்க எவனும் நடுவுல நிக்க மாட்டான். இங்கன எனக்குப் பயமா இருக்கு மாமா."

யாரோ சிரித்தனர். பாய் சிரிக்கவில்லை. "சாவியக் குடு. ரேஸ்காரன் ஓட்டுற வண்டியில எம் புள்ளகுட்டிய ஏத்த மாட்டேன். வீட்டுக்குப் போனதும் முடிவு சொல்றேன்." முடிவு இன்னதென்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. அஸ்பியாவின் தட்டில் பிரியாணி அப்படியே இருந்தது.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் புறப்பட்டோம். இப்போது பாய் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்திருந்தார். பர்வேஸ் பக்கத்தில். பாய் முதுகை நிமிர்த்தி, ஐம்பதில், மிகுந்த கண்ணியத்தோடு ஓட்டினார்.

பாலம் தொடங்கும் இடத்தில் பின்னாலிருந்து அந்த நீண்ட ஒலி கேட்டது. மஞ்சள் வண்டி. காலியாகத் திரும்பியதால் இன்னும் துள்ளலாக வந்தது. எங்களை உரசினாற்போல் முந்தியது. அதே கை வெளியே நீண்டது.

"காலையில முந்துனவன்," என்றார் பாய், பற்களுக்கிடையே.

தம்மாமில் கீறலின்றி வாழ்ந்த கால் கீழே இறங்கியது. அறுபது. எழுபது. ரம்ஜான் பீவி உரக்க ஓதத் தொடங்கினார். 'முடிஞ்சா முந்து' என்னும் எழுத்துகள் எங்கள் கண்ணாடி முழுவதும் நிறைந்தன. நான் முன்னிருக்கையின் முதுகைத் தழுவிக்கொண்டேன். இந்தியாவில் இரண்டாமிடம் பெற்ற ஓட்டுநர் கதவின் மேற்பிடியை இரு கைகளாலும் பற்றியிருந்தார். அவருடைய உதடுகள் கலிமா சொல்லிக்கொண்டிருந்தன.

பாய் வலப்புறம் வளைத்தார்.

"வேணாம் மாமா," என்றார் பர்வேஸ். குரல் உயரவில்லை. "எதிர்ல பஸ். காலை எடுங்க. பிரேக்கு வேணாம், காலை மட்டும் எடுங்க."

பாய் கால் எடுத்தார். அரசுப் பேருந்து ஒன்று எங்கள் கண்ணாடியின் அருகே பெருங்காற்றாகக் கடந்து சென்றது.

"ஒட்டிப் போகாதீங்க மாமா. அவன் பொகை நமக்கு எதுக்கு? கொஞ்சம் தள்ளி வாங்க. பாலத்துல முந்தக் கூடாது. எறங்கட்டும்."

"போயிருவாம்லே!"

"போக மாட்டான். மேடு எறங்குனதும் அவன் கியரு மாத்துறான். காலையிலயே கவனிச்சேன். அங்கன கொஞ்சம் தொவளுவான்."

ஆக, காலையில் அவர் வெறுமனே கண்ணாடி துடைக்கவில்லை! பாலம் முடிந்தது. சாலை நேராக, எதிரில் எவருமின்றி விரிந்தது. மஞ்சள் வண்டி ஒரு கணம் தயங்கியது.

"இப்ப, மாமா."

நாங்கள் அதைக் கடந்தோம். பாய் தம் இடக்கையைத் தமக்கும் பர்வேஸுக்கும் நடுவே உயர்த்தி ஆட்டினார். சன்னல் அவருக்கு வலப்புறம் இருந்ததை மகிழ்ச்சியில் மறந்துவிட்டார். தம்மாமில் ஒருநாளும் நான் காணாத சிரிப்பு அந்த முகத்தில் இருந்தது. முள் தொண்ணூற்றைத் தாண்டியிருந்தது.

அதே சிரிப்போடுதான் அவர், சாலையோரம் வேகமானியுடன் நின்றிருந்த உதவி ஆய்வாளர் துர்காதேவியின் கையசைப்புக்கு வண்டியை நிறுத்தினார்.

"ஆஸ்பத்திரி அவசரமா, பெரியவரே?"

"இல்லம்மா."

"வயசு என்ன?"

"அறுவத்தொண்ணு."

"பக்கத்துல எளவட்டப் புள்ள ஒக்காந்திருக்கு, எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க. தம்பி, நீங்களாவது சொல்லக் கூடாதா? ரோடு என்ன, ரேஸ் ட்ராக்கா?"

பின்னிருக்கையிலிருந்து அஸ்பியாவின் குரல் தெளிவாக எழுந்தது. "வாப்பா, இந்த வண்டியில ரேஸ் டிரைவர் யாருன்னு மேடம் கேக்குறாங்க."

அபராதச் சீட்டைப் பெற்றுக்கொண்டு பாய் இறங்கினார். வண்டியைச் சுற்றி வந்து இடப்புறக் கதவைத் திறந்தார். பர்வேஸ் வலப்புறம் மாறி அமர்ந்தார். வண்டி நகர்ந்தது. நாற்பது.

ரம்ஜான் பீவி ஓதுவதை நிறுத்தியிருந்தார். மண்டபம் கடந்தபின் பாய் தொண்டையைச் செருமினார். "அந்த வீடியோவுல மூணு பேர ஒரே வளைவுல முந்துனியே. அது எப்புடி?"

"அவங்க மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பார்த்துட்டு இருந்தாங்க மாமா. நான் ரோட்டப் பார்த்தேன்."

பாய் அதைச் சிறிது நேரம் மனத்துள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

அப்பொழுது பின்னாலிருந்து, நாம் நன்கறிந்த அந்த நீண்ட ஒலி. மஞ்சள் வண்டி எங்களை மீண்டும் முந்தியது. கை நீண்டது. சிவப்பு எழுத்துகள் மாலை வெயிலில் மின்னின. பாயின் வலக்கால் தரையை நோக்கி நகர்ந்து, பாதியில் நின்றது.

"விடு மாப்ளே," என்றார். "போகட்டும்."

"சரி பாய்," என்றேன் நான், பழக்கத்தால்.

"ஒன்ன யாருய்யா சொன்னா? ஓட்டுறவரச் சொன்னேன்."

வண்டியின் கடிகாரத்தில் மாலை மணி ஐந்து நாற்பத்தாறு.