கறள் இல்லாத ஜீப்

ஜீப்பின் அடியிலிருந்து பஸ்ரியனின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஜெனுஷா பின்சில்லருகே குந்தியிருந்து ரோச் லைற்றை உள்ளே பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் சின்னச் சுத்தியலால் சேசிஸைத் தட்டினார். ஒரு சாண் நகர்ந்து மறுபடி தட்டினார். கறள் தின்று துருவேறிய இரும்பு பொத்தென்று சத்தம் போடும். இது தட்டிய இடமெல்லாம் கணீரென்றது.

“இந்தத் தார் எப்ப அடிச்சது, நானா?” என்று அடியில் கிடந்தபடியே கேட்டார்.

“மாரிக்கு முதல் வருசா வருசம் அடிக்கிறனான்,” என்றார் ஜீப்பின் சொந்தக்காரர் ஹுசைன். முருங்கனில் அவருடைய வீட்டு முற்றத்தில்தான் ஜீப் நின்றது. தொண்டு நிறுவனம் ஒன்று விற்றுவிட்டுப் போன வெள்ளை ஜீப்.

“கறளை மறைக்கத்தான் கனபேர் தார் அடிக்கிறது.”

“சுரண்டிப் பாருங்கோவன்.”

சுரண்டும் சத்தம் கேட்டது. பஸ்ரியன் ஒன்றும் சொல்லவில்லை. தாருக்குக் கீழே இரும்பு சுத்தமாக இருந்தால்தான் அப்பா இப்படிப் பேசாமல் இருப்பார் என்று ஜெனுஷாவுக்குத் தெரியும்.

இது நான்காவது ஜீப். அம்மா அன்ரோனெற்றுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி ஏழு மாதம். கிழமைக்கு இரண்டு தரம் விடத்தல்தீவிலிருந்து வவுனியாவுக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்காது. கம்பியைப் பிடித்தபடி நின்று வருவாள். கடைசி இரண்டு தவணைக்கும் அவள் போகவில்லை. ஏலாது என்றுவிட்டாள்.

சண்டை முடிந்து மீள்குடியேறி வந்த வருடம் வாங்கிய வான் ஒன்று, அடித்தட்டுக் கறள் பிடித்து நடுறோட்டில் சில்லோடு உடைந்து இறங்கிப்போனது. அம்மா அதற்குள் இருந்தாள். அன்றிலிருந்து அப்பா எந்த வாகனத்தையும் நம்புவதில்லை. முதல் ஜீப்பில் தரைத்தகடு ஓட்டை என்றார். அடுத்ததில் சேசிஸ் ஒட்டு என்றார். மூன்றாவதை அரைமணி நேரம் பார்த்துவிட்டுக் காரணமே சொல்லாமல் எழும்பினார்.

ஜெனுஷா அப்பாவை நம்பவில்லை. அவர் கடலுக்குப் போகும் வள்ளத்தை விற்றால்தான் ஜீப் வாங்கலாம். போன மாதம் அவர் வள்ளத்துக்குப் புதிதாக நீலப் பெயின்ற் அடித்தார். விற்கப் போகிறவர் எதற்கு இரண்டு நாள் மினக்கெட்டுப் பெயின்ற் அடிக்கிறார்?

“லைற்றை இங்க பிடி, பிள்ளை.”

சில்லுக்கு மேலிருந்த பின் மட்காட்டின் உள்மடிப்புக்குள் விரலை விட்டுத் துழாவியவர் அப்படியே நிறுத்தினார். வெளியே வந்து உள்ளங்கையை விரித்தார். வெள்ளை மணல். அதில் சிப்பித்தூள் மினுங்கியது.

“நானா, இது கடற்கரையில ஓடின வண்டி.”

ஹுசைன் மணலைப் பார்த்தார். பிறகு மதிலைப் பார்த்தார். “நான் ஓட்டேல்ல.”

“அப்ப இது எங்கால வந்தது?”

ஹுசைன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார்.

“அப்பா, ஒரு இடத்திலயும் கறள் இல்லையே,” என்றாள் ஜெனுஷா. “நல்ல வாகனம். அம்மா எத்தினை நாளைக்கு...”

“உப்புத் தண்ணி பட்ட இரும்பைப் பற்றி எனக்குச் சொல்லாத. இண்டைக்குத் தெரியாது. உள்ளுக்குள்ள கிடந்து தின்னும்.” அவர் கையைத் தட்டினார். “வேண்டாம், நானா.”

அவர் சாறத்தை உதறிக் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் ஜெனுஷாவின் போன் அடித்தது. சின்னம்மா எடித். அக்காவுக்கு மூச்சு எடுக்க ஏலாமல் கிடக்கு, ஓட்டோவில் மன்னாருக்குக் கொண்டுபோறன் என்றாள்.

ஹுசைன் ஜீப்பின் திறப்பை எடுத்தார். “ஏறுங்கோ.”

திருக்கேதீஸ்வரச் சந்தி தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் ஓட்டோ றோட்டோரம் நின்றது. ஓட்டோக்காரர் இறங்கிப் புல்லைப் பார்த்தபடி நின்றார். உள்ளே எடித்தின் மடியில் அம்மாவின் தலை கிடந்தது.

“ஓடச் சொல்லுங்கோ! ஏன் நிக்கிறியள்?” என்று பஸ்ரியன் கத்தினார்.

எடித் தலையை மட்டும் ஆட்டினாள்.

இருந்தும் அம்மாவை ஜீப்பின் பின்சீற்றில் கிடத்தி மன்னார் வரைக்கும் கொண்டுபோனார்கள். டொக்டர் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பின்னேரம் உடலை அதே ஜீப்பில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பாதி போட்டுக் கிடந்த றோட்டின் பள்ளம் கிடங்குகளில் ஜீப் குலுங்காமல் ஏறி இறங்கியது. எங்கும் ஒரு கடகடப்பு இல்லை. பஸ்ரியன் கீழே குந்தியிருந்து, அவளின் தலை அசையாமல் கையைக் கொடுத்துக்கொண்டு வந்தார்.

“அத்தான், ஒரு கிழமைக்கு முன்னம் இதில ஏத்தியிருந்தா...” என்று எடித் தொடங்கினாள். முடிக்கவில்லை.

அடுத்த நாள் செபம் நடந்துகொண்டிருந்தபோது ஹுசைன் வந்து வாசல் படலைக்கு வெளியே நின்றார். ஜீப்பைத் தூரத்தில் விட்டிருந்தார். செத்த வீட்டிலும் வியாபாரம் பேசத்தான் வந்திருக்கிறாரா என்று நினைத்துக்கொண்டு ஜெனுஷா போனாள்.

“உள்ள வாங்கோ.”

“இல்லை, பிள்ளை. ஒண்டு சொல்லவேணும். சொல்லாம நேற்று நித்திரையில்லை.” அவர் தொப்பியைச் சரிசெய்தார். “அந்த மண் நான் போட்டது.”

அவளுக்கு விளங்கவில்லை.

“உங்கட அம்மா திங்கட்கிழமை எனக்குப் போன் எடுத்தவ. கலண்டரில என்ர நம்பர் கிடந்ததாம். ‘அவர் வியாழக்கிழமை வருவார், நானா. கொஞ்சம் கடல்மண் அள்ளி மட்காட்டுக்குள்ள போட்டுவிடுங்கோ. பிறகு அவர் தொடமாட்டார்’ எண்டா. ‘நீங்கள் என்ன தாயே சொல்லுறியள்’ எண்டு கேட்டனான். ‘வள்ளத்துக்குப் பெயின்ற் அடிச்சு வாங்கிற ஆளுக்குக் காட்டி முற்பணமும் வாங்கிப்போட்டார். எனக்கு இன்னும் எவ்வளவு காலம்? நானும் போய் வள்ளமும் போனா, அவரும் பிள்ளையும் என்னத்தில சீவிக்கிறது’ எண்டு அழுதா.”

“மற்ற மூண்டு ஜீப்புக்கும்...?”

“அது எனக்குத் தெரியா. நான் போட்டிருக்கக்கூடாது, பிள்ளை. நான் தாயே எண்டு கூப்பிட்டதுக்குப் பிறகு அவ அழுதவ. என்னால ஏலாமப் போச்சு.”

ஜெனுஷா திரும்பி வந்தாள். பஸ்ரியன் சவப்பெட்டியின் தலைமாட்டில் கதிரையில் இருந்தார். அவருடைய நகங்களுக்குள் இருந்த தார் இன்னும் போகவில்லை.

“என்னவாம்? ஜீப்பைப் பற்றியே கேக்கிறார்?”

“இல்லை.”

“பிறகென்ன அவ்வளவு நேரம்?” அவர் படலையைச் சந்தேகமாகப் பார்த்தார். “அந்த வண்டியில ஏதோ இருக்கு. அந்தாள் நேற்றும் என்ர முகத்தைப் பார்க்கேல்ல.”

சொல்லாமல் விடலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் இனி எத்தனை வருடத்துக்கு இவர் அந்த ஜீப்பின் அடியிலேயே கிடந்து கறள் தேடப்போகிறார்? அவள் குனிந்து அவர் காதருகே எல்லாவற்றையும் சொன்னாள். போன் எடுத்ததை. மணலை. வள்ளத்தை.

எடித் செபமாலையின் அடுத்த மணிக்குப் போனாள். எல்லோரும் சேர்ந்து பதில் சொன்னார்கள்.

“எப்ப எடுத்தவவாம்?” என்று பஸ்ரியன் கேட்டார்.

“திங்கட்கிழமை.”

“திங்கட்கிழமை எனக்குக் கணவாய்க் கறி வைச்சுத் தந்தவ,” என்றார். “நல்லாச் சாப்பிடுங்கோ எண்டு பக்கத்தில இருந்தவ.”

பிறகு எழும்பினார். தான் இருந்த கதிரையைத் தூக்கிக்கொண்டு ஆட்களை விலக்கிப் படலைக்குப் போனார். அதை ஹுசைனுக்கு முன்னால் வைத்து, சால்வையால் ஒருதரம் துடைத்தார்.

“இருங்கோ, நானா.”

“நீங்கள் இருங்கோ.”

ஒருவரும் அதில் இருக்கவில்லை. வெயில் ஏறியது. கதிரைக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாக இரண்டு பேரும் நின்றார்கள்.